ஞாயிறு பள்ளி நாளாக இருக்கும் ஊரில் பிள்ளைகளைக் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாக வளர்ப்பது எப்படி?

பாடாங் செராய் தாய் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவின் நம் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது இங்குள்ளவர்களுக்குப் புதிதில்லை. ஆனால், அது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை எப்படித் துண்டு துண்டாக்குகிறது என்பதை வெளி மாநில உறவினர்களுக்கு விளக்கவே முடிவதில்லை. என் கணவருக்குப் பக்கத்து மாநிலமான பினாங்கின் பிறை நகரில் வேலை. அங்கே விடுமுறை சனியும் ஞாயிறும். பிள்ளைகள் மூவரும் படிப்பது பாடாங் செராயில். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது அவர் வேலைக்குப் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போது பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையை மாலையில் வைத்திருப்பதால் அதற்கு மட்டும் ஒன்றாகப் போக முடிகிறது. மற்றபடி, ஐவரும் சேர்ந்து வீட்டில் இருக்கக்கூடிய பகல் சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் டியூஷன் வகுப்பும் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் தவறாமல் நடக்கிறது. படிவம் இரண்டில், அதாவது இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில் படிக்கும் என் மூத்த மகன் அழைத்தவுடன் வந்து உட்காருகிறான், கொடுத்த வசனத்தை வாசிக்கிறான், ‘ஆமென்’ சொல்லி எழுந்து போய்விடுகிறான். அவன்மீது குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ‘கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்’ என்று நெகேமியா சொன்ன அந்த மகிழ்ச்சி என் வீட்டில் இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒழுங்கைக் காப்பாற்றினால் போதும், மகிழ்ச்சி பிறகு தானாக வரும் என்கிறார்கள் சிலர். உங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்.

லூனாஸ் ஆசிரியை எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது எங்கள் சபையில் பல தாய்மார்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சபையில் ஓய்வுநாள் பள்ளி என்னும் பிள்ளைகளுக்கான வேத வகுப்பும் எடுக்கிறேன். எங்கள் பகுதியில் அந்த வகுப்பு வெள்ளிக்கிழமை காலையில் நடக்கிறது. பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்விப் பாடம்தான் உண்டு. வேதத்தைக் கற்பிக்க அங்கே இடமில்லை. எனவே வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பையும் வீட்டையும் தவிர ஒரு பிள்ளை வேதத்தைக் கேட்பதற்கு வேறு வழியே இல்லை. இதனால்தான் பெற்றோர் பலர் அந்த இரவு ஜெபத்தின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

உபாகமம் 6:7 என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் இந்த வார்த்தைகளைக் குறித்துப் பேசு என்கிறது. அங்கே சொல்லப்பட்டிருக்கும் நான்கு வேளைகளும் மனிதர்கள் எப்படியும் செய்கிற காரியங்களுக்குரியவை. எதற்கும் தனியாக மணி அடிக்க வேண்டியதில்லை. காலையில் மகனைப் பள்ளிக்கு மோட்டாரில் ஏற்றிப் போகும்போதும், இரவில் பாத்திரம் கழுவும் தாய்க்குப் பக்கத்தில் நின்று அவன் தட்டுகளைத் துடைக்கும்போதும் பேசப்படுவது அவனுக்குப் பாடமாகவே தோன்றாது. முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் வாய் திறக்காத பையன்கள், கைக்கு ஒரு வேலை இருக்கும்போது தாராளமாகப் பேசுவதை என் வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. மெத்தடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடிகளான ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாயாரான சூசன்னா வெஸ்லி, பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று அவர்களில் பலரைக் குழந்தையாகவே இழந்தவர். கடனும் வறுமையும் நிறைந்த அந்த வீட்டில் அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசினார் என்று 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வியாழன் மாலை ஜானுக்குரியது. அவர் பெரியவராகி ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலும் அந்த வியாழன் மாலையை நினைவுகூர்ந்து தாய்க்கு எழுதினார். சகோதரி, உங்கள் மகனுக்கு வாரத்தில் அப்படி ஒரு வேளை இருக்கிறதா? தம்பி தங்கையர் இல்லாமல், தாயோ தகப்பனோ அவனுக்கு மட்டும் உரியவராக இருக்கும் ஒரு வேளையைச் சொல்கிறேன்.

தோட்டத்துப் பெரியவர் எழுதியது:

பிள்ளைகளா, நான் பால்மரம் எனப்படும் ரப்பர் மரக் காலத்து மனிதன். தண்டலாக, அதாவது தோட்ட ஆட்களின் மேற்பார்வையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாடாங் செராயைச் சுற்றி ஹென்ரியட்டா, விக்டோரியா என்று இருந்த தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு ஆட்கள் கூடிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு வெட்டுக்காட்டுக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் தாய்மார்கள் நிரைக்குப் போவார்கள். குடும்பம் சேர்ந்திருக்க நேரமில்லை என்பது இன்றைய தொழிற்சாலை வேலையால் வந்த சங்கடம் என்று இளையவர்கள் எண்ணக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்களைச் சேர்த்து வைத்தது மழை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும். அன்றைய கூலி போய்விட்டதே என்று பெரியவர்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கோ அன்று திருவிழா, ஏனென்றால் அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்கிறார்கள். அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு வேகும். தகரக் கூரையில் மழை இரைவதால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் எல்லாரும் நெருங்கி உட்காருவோம். அப்போது என் தகப்பனார் கீர்த்தனைப் புத்தகத்தை எடுப்பார். அவருக்கு இராகம் நிற்காது. ஆனாலும் கணீரென்று பாடுவார். வேதத்தில் யோசேப்பின் கதையை நான் முதன்முதலில் முழுதாகக் கேட்டது அப்படியொரு மழை நாளில்தான்.

ஆனால் ஆசிரியை அம்மா சொல்வதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. பேச்சு வேண்டும்தான், கண்டிப்பும் வேண்டும். ‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்’ என்று நீதிமொழிகள் 13:24 சொல்கிறது. ஆசாரியனாகிய ஏலி தன் குமாரர்களை அடக்காமல் போனதால் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். இன்றைய பெற்றோர் பிள்ளைகள் முகம் சுளித்தாலே பயப்படுகிறார்கள். அந்தப் பையன் அழைத்தவுடன் வந்து உட்காருகிறான் என்றால் அது அவன் பெற்றோர் பெற்ற நற்பலன். அதைச் சின்ன காரியமாக எண்ண வேண்டாம், மகளே.

கூலிம் தகப்பன் எழுதியது:

பெரியவர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் ஸ்தோத்திரம். நான் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கும் தொழில்நுட்பர். 1996-இல் அந்தப் பூங்கா திறக்கப்பட்டதற்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளைகளான எங்களைப் போன்றவர்களுக்கு நிலையான சம்பளம் கிடைத்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஐயா சொன்ன மழை நாள் எங்களுக்கு இல்லை. குளிர்சாதன அறைக்குள் நடக்கும் வேலைக்கு வானிலை ஒரு பொருட்டே இல்லை. அதனால் ஓய்வு தானாக வராது. நாமாகத்தான் உண்டாக்க வேண்டும்.

இரவு ஷிப்டு வாரத்தில் நான் வீடு வந்து சேரும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வாரத்துக்குக் குடும்ப ஜெபமே காலையில்தான். நான் சட்டைப்பையில் அடையாள அட்டையோடு நிற்பேன். சின்னவள் காலுறையைத் தேடிக்கொண்டிருப்பாள். என் மனைவி மைலோ ஆற்றிக்கொண்டிருப்பார். கதவருகில் நின்றபடியே ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து, அன்று அவர்களுக்கு இருக்கும் காரியத்தைச் சொல்லி ஆசீர்வதிப்பேன். கணிதச் சோதனை என்றால் கணிதச் சோதனை, சண்டை போட்ட தோழி என்றால் அந்தத் தோழி. இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பிள்ளைக்கு அன்று என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஷிப்டு இடைவேளையில் மனைவியிடம் கேட்டுக்கொள்கிறேன். தகப்பன் வீட்டில் இல்லாத இரவிலும் தங்களை நினைத்திருக்கிறார் என்று பிள்ளைகள் அறிய இது உதவுகிறது.

ஷிப்டு வேலை செய்கிற மற்ற தகப்பன்மாருக்கு ஒரு செய்தி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, வாராந்திர வேலை நேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. குழந்தை பிறந்தால் திருமணமான தகப்பனுக்கு ஏழு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு, அதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் திடப்படுத்தல் ஆராதனைக்கு விடுப்புக் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். கேளுங்கள்.

பீடோங் மருமகள் எழுதியது:

இங்கே எல்லாரும் தாயும் தகப்பனும் ஒரே விசுவாசத்தில் இருக்கிற வீடுகளைப் பற்றி எழுதுகிறீர்கள். என் கணவர் இந்து. மாமியார் எங்களோடு இருக்கிறார். மகனும் மகளும் என்னோடு ஆராதனைக்கு வருவதற்குக் கணவர் தடை சொல்வதில்லை. ஆனால் அவர் ஜெபத்தில் உட்காருவதில்லை. ‘குடும்ப ஜெபம் இல்லாத குடும்பம் குடும்பமல்ல’ என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கிக்கக் கேட்டபோது, என் வீட்டை நினைத்து நெஞ்சு கனத்தது.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். சாயங்காலம் மாமியார் விளக்கேற்றும்போது பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது என்பது நான் வைத்த கட்டளை. நானும் பிள்ளைகளும் ஜெபிக்கும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுவது மாமியார் தாமாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். இதற்காக நாங்கள் ஒருபோதும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்ததில்லை. பாட்டியை மதிக்காத வாயால் இயேசுவைத் துதிக்க முடியாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இப்படிச் சொல்வது விசுவாசத்தில் தளர்ச்சி என்று நினைக்கிறவர்கள் இருந்தால் தயவுசெய்து இங்கே வெளிப்படையாக எழுதுங்கள், நான் கேட்க ஆயத்தமாக இருக்கிறேன்.

கூலிம் வட்டார ஊழியர் எழுதியது:

அன்புச் சகோதரி, தளர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். தீமோத்தேயுவின் தாய் விசுவாசியான யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தத் தகப்பன் விசுவாசத்துக்கு வந்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த மாயமற்ற விசுவாசத்தைப் பவுல் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். அந்தப் பிள்ளை சிறுவயது முதலே வேத எழுத்துக்களை அறிந்திருந்தான் என்கிறார். பவுல் தம்முடைய உத்தம குமாரன் என்று அழைத்த ஊழியன் வளர்ந்தது உங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டில்தான். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு நீங்கள் துக்கப்பட்டதற்காக வருந்துகிறேன். உங்கள் கணவர் ஜெபத்தில் உட்காராவிட்டாலும் உங்களோடு ஒரே பந்தியில் உட்காரலாம் அல்லவா? 128-ஆம் சங்கீதம் குடும்பத்தின் பாக்கியத்தைச் சொல்ல வரும்போது, பிள்ளைகள் பந்தியைச் சுற்றிலும் இருப்பதைத்தான் காட்டுகிறது. நான் விசாரிக்கப் போகும் வீடுகளில் சாப்பாட்டு மேசையின் மேல் துவைத்த துணியும் பள்ளிப் புத்தகமும் குவிந்திருக்கும். ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். அந்த மேசையைக் காலி செய்யுங்கள் என்பதுதான் இப்போதெல்லாம் நான் குடும்பங்களுக்குத் தரும் முதல் ஆலோசனை.

பெரியவர் ஐயாவின் பிரம்புக்கு வருகிறேன். ஐயா மீது எனக்குள்ள மரியாதையை அவர் அறிவார். எபேசியர் 6:4-இல் பவுல், ‘பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்’ என்று தொடங்குகிறார். ரோமர்களின் சட்டத்தில் குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகள்மேல் இருந்த அதிகாரம் மிகப் பெரியது. பிறந்த குழந்தையை ஏற்பதா விடுவதா என்பதே அவன் கையில் இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்ன கையோடு தகப்பனுக்கும் ஒரு எல்லை போட்டார் அப்போஸ்தலர். கொலோசெயருக்கு எழுதும்போது அதற்குக் காரணத்தையும் சொல்கிறார்: பிள்ளைகள் திடனற்றுப்போகக் கூடாது. அடியினால் திடனற்றுப்போகும் பிள்ளைகள் உண்டு. ஓயாத குறையினாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதினாலும் திடனற்றுப்போகிறவர்கள் அவர்களைவிட அதிகம்.

நீதிமொழிகள் 22:6-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து’ என்ற வசனத்தைச் சபையை விட்டுப் போன பிள்ளைகளின் பெற்றோர் முன்னால் சிலர் குற்றப்பத்திரிகை போல வாசிக்கிறார்கள். நீதிமொழிகள் ஞானத்தைப் போதிக்கும் நூல். உலகத்தில் பொதுவாகக் காரியங்கள் எப்படி நடக்கின்றன என்பதைச் சொல்வது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் தூர தேசத்துக்குப் போன மகனின் தகப்பன் நல்ல தகப்பன்தான்.

இருபத்தொரு வயது மகள் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளையின் இடத்திலிருந்து ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் லூனாஸுக்கு அருகில் தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறகு தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு மாறி வளர்ந்தவள். இப்போது பினாங்கில் படிக்கிறேன். என் பெற்றோரை மிகவும் நேசிக்கிறேன். என் விசுவாசம் அவர்களிடமிருந்து பெற்றது.

எனக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருந்தபோது எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது வேத வாசிப்போ நீண்ட நேரமோ அல்ல. ‘ஆண்டவரே, இவளுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும், கைப்பேசியைப் பார்க்கிற நேரத்தைக் குறைக்க இவளுக்கு உதவி செய்யும், எதிர்த்துப் பேசுகிற குணத்தை எடுத்துப்போடும்’ என்று தம்பிகள் முன்னிலையில் என்னைப் பற்றிச் சத்தமாக ஜெபிப்பார்கள். கண்டிப்புக்காவது பதில் பேசலாம். ஜெபத்துக்கு என்ன பதில் பேசுவது? கண்ணை மூடிக்கொண்டு எப்போது முடியும் என்று காத்திருப்பேன். தேவனே என் வீட்டாருடன் சேர்ந்து என் குற்றங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

அது மாறியது என் அத்தை எங்களோடு வந்து தங்கியிருந்த காலத்தில். அவர் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்போது நன்றி மட்டும்தான் சொல்வார். ‘இன்று இவள் பாட்டிக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டாள், அதற்காக ஸ்தோத்திரம்’ என்பார். அதை அவர் கவனித்திருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாடாங் செராய் அம்மா, உங்கள் மகன் எப்படிப்பட்ட ஜெபத்தைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் அமைதியாக இருக்கிறார் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

தோட்டத்துப் பெரியவர் எழுதியது:

மகளே, நீ எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ‘இந்தப் பிள்ளை சொல்வது சரி’ என்றாள். பிள்ளையின் குறைக்காக ஜெபிக்க வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதைக் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கும்படி நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறார் அல்லவா?

ஊழியர் ஐயாவுக்கு: கோல் என்பது 23-ஆம் சங்கீதத்தில் தேற்றுகிற கோலாகவும் இருக்கிறது என்பதை நான் அறிவேன். பிரம்பைப் பற்றி இனி விவாதிக்க வேண்டாம். என் நிலை இதுதான்: பிள்ளைக்கு வீட்டில் சில காரியங்கள் பேரம் பேச முடியாதவையாக இருக்க வேண்டும். பொய், பெரியவர்களை அவமதிப்பது, பலவீனரை அடிப்பது, இந்த மூன்றிலும் இளகக் கூடாது. மற்றவற்றில் இளகலாம்.

லூனாஸ் ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்ன மூன்றையும் முழு மனதோடு ஏற்கிறேன். சூசன்னா வெஸ்லியைப் பற்றி நான் பாதியைத்தான் சொன்னேன்; மீதியையும் சொல்வது நியாயம். தம் பிள்ளைகள் ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும் மெதுவாக அழவும் பழக்கப்பட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று அதை வாசிக்கும் ஒரு தாய்க்கு மனம் பதறும், எனக்கும் பதறியது. ஆனால் அதே வீட்டில் இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. செய்த தவற்றை மறைக்காமல் ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளைக்கு அடி இல்லை. ஒரே தவற்றுக்காக ஒரு பிள்ளையை இரண்டு தடவை கடிந்துகொள்வதும் இல்லை. இவற்றில் முதல் விதி பொய் சொல்வதைக் குறைத்தது என்பது அவருடைய அனுபவம். பிரம்பை எடுக்காத வீடுகளில்கூட இந்த இரண்டாவது விதி பெரும்பாலும் இல்லை. போன மாதம் உடைந்த கண்ணாடியை இந்த மாதத் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்துப் பேசுகிறோம். பெற்றோர் சந்திப்பு நாளில், என் மேசைக்கு முன்னால், பிள்ளையை வைத்துக்கொண்டே இப்படிப் பேசும் பெற்றோரை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். தலை குனிந்து, மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையிடம் நான் அடுத்த நாள் என்ன பாடம் நடத்தினாலும் மனதில் ஏறுவதில்லை.

மதிப்பெண் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்ட பிறகும், சனிக்கிழமை டியூஷன் மட்டும் நம் ஊரில் குறையவே இல்லை. படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வை எழுதப் போகும் பிள்ளைக்குத் தேவை இருக்கலாம். படிவம் இரண்டுப் பையனின் ஒரே பொதுவான பகலை அதற்குக் கொடுக்க வேண்டுமா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். ஓர் ஆசிரியையாகவே இதைச் சொல்கிறேன்.

குளுவாங் சகோதரன் எழுதியது:

நான் ஜோகூரிலிருந்து வாசிக்கிறேன். எங்கள் மாநிலத்தில் 2014 முதல் 2024 முடியும்வரை வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறும். ஞாயிறு திரும்பக் கிடைத்தபோது இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் சபையில் எல்லாரும் ஸ்தோத்திரம் செலுத்தினோம். ஞாயிறு ஆராதனைக்கு ஆட்கள் கூடினார்கள், உண்மை. ஆனால் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசாத குடும்பங்கள் ஞாயிறு கிடைத்ததால் பேசத் தொடங்கிவிடவில்லை. கெடாவில் சனிக்கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் இவ்வளவு கவலையோடு யோசிப்பதைப் பார்த்து என் மனைவியிடம் இந்த இழையை வாசிக்கச் சொன்னேன்.

பாடாங் செராய் தாய் எழுதியது:

இங்கே எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நானும் கணவரும் எல்லாவற்றையும் சேர்ந்து வாசித்தோம். மகளின் பதிவை இரண்டு தடவை வாசித்தோம். சனிக்கிழமை டியூஷனை இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அன்று காலையில் கணவர் மூத்தவனை மட்டும் அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். ரொட்டி சானாய் கடையில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும். வேதம் பேச வேண்டும் என்று அவருக்கு நான் எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. இரவு ஜெபத்தில் ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முதல் இரவே சின்னவள், ‘அண்ணன் எனக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டிக் கொடுத்தான்’ என்றாள். அவன் சிரித்தான். அது எனக்கு எவ்வளவு பெரிது என்று இங்கிருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் தயக்கத்தோடு கேட்கிறேன், ஊழியர் ஐயா. டியூஷனை நிறுத்தினோம், சரி. ஆனால் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பாடகர் பயிற்சி, ஐந்தரைக்கு வாலிபர் கூட்டம், ஏழரைக்குப் பெண்கள் ஐக்கியம். எங்கள் வீட்டில் மூவருக்கு மூன்று கூட்டம். குடும்பம் சேர்ந்திருக்க வேண்டும் என்று சபை போதிக்கிறது. கிடைத்த ஒரே மாலையில் அந்தச் சபையே எங்களை மூன்றாகப் பிரித்துவிடுகிறது.

கூலிம் தகப்பன் எழுதியது:

சகோதரி கேட்டதை நானும் வழிமொழிகிறேன். எங்கள் சபையிலும் இதே நிலைதான்.

கூலிம் வட்டார ஊழியர் எழுதியது:

நியாயமான கேள்வி, சகோதரி. இதைச் சபையார் கேட்க வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். எங்கள் சபையைப் பொறுத்தவரை, பாடகர் பயிற்சியை ஞாயிறு மாலை ஆராதனைக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்கு மாற்றலாம். பெண்கள் ஐக்கியத்தை வெள்ளிக்கிழமை பகலில், பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அதே வேளையில் வைக்கலாம். வெள்ளியன்று வேலைக்குப் போகும் சகோதரிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மாதம் ஒரு தடவை மட்டும் இரவில் கூடலாம். வாலிபர் கூட்டத்தை என்ன செய்வது என்பதை வாலிபர்களிடமே கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் வாரத்தின் நல்ல நேரம், அதை நாம் பெரியவர்களாகத் தீர்மானித்துப் பறித்துவிடக் கூடாது. அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்கிறேன். பெரியவர் ஐயா, மூப்பர் என்ற முறையில் நீங்கள் ஆதரித்துப் பேசினால் உதவியாக இருக்கும்.

தோட்டத்துப் பெரியவர் எழுதியது:

பேசுகிறேன், ஐயா. பாடகர் குழுவில் என் பேரனும் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு இளைப்பாற அவனுக்கு நேரம் போதுமா என்று மட்டும் அவனிடம் கேட்டுச் சொல்கிறேன்.